இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். கிளினிக்கில் கேட்கிற அதே சந்தேகங்களை வெபர் மைதானத்து ஓரத்திலும், கல்யாண வீட்டிலும், கல்முனை பஸ்ஸிலும் கேட்கிறார்கள். அங்கெல்லாம் பதில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். இதை வாசித்து நீங்களே நோயைத் தீர்மானிக்க வேண்டாம். எதை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது தெளிவானால் போதும்.

1. காலில மூட்டு எண்டா முழங்கால்தானே? வேற என்ன இருக்கு?

பெரியவை மூன்று. மேலே இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள ஆழமான குழிக்குள் இருக்கிறது. எல்லாப் பக்கமும் சுழலும், ஆனால் இலேசில் விலகாது. மோட்டார் சைக்கிள் விபத்து மாதிரி பெரிய அடி விழுந்தால்தான் விலகும். அப்படி விலகினால் எலும்புத் தலைக்குப் போகும் இரத்தம் தடைப்படும். ஆறு மணித்தியாலத்துக்குள் திரும்பப் பொருத்தப் பார்ப்பார்கள்.

நடுவில் முழங்கால். தொடை எலும்பும் கீழ்க்காலின் பெரிய எலும்பும் சந்திக்கின்றன, முன்னால் சிரட்டை (முழங்காற்சில்லு) இருக்கிறது. கதவுப் பிணைச்சலைப் போல மடங்கி நீளும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். எலும்புகளின் வடிவம் இந்த மூட்டுக்கு அவ்வளவு உறுதி தருவதில்லை. தசையும் லிகமென்டும்தான் இழுத்துப் பிடிக்கின்றன. விளையாட்டில் முழங்கால் இவ்வளவு அடிபடுவதற்குக் காரணம் இதுதான்.

கீழே கணுக்கால். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் இரு பக்கமும் இறங்கி, பாதத்தின் மேல் எலும்பைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. வெளிப்பக்கம் துருத்தித் தெரியும் எலும்பு உட்பக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். அதற்குக் கீழே ஒரு பாதத்தில் 26 எலும்புகள்.

2. டொக்டர் லிகமென்ட் எண்டார், ஸ்கான் ரிப்போட்டில மெனிஸ்கஸ் எண்டு கிடக்கு. ரெண்டும் ஒண்டா?

இல்லை. லிகமென்ட் என்பது எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கும் நார்ப்பட்டி. முழங்காலில் முக்கியமானவை நான்கு: இரு பக்கமும் ஒவ்வொன்று, உள்ளே ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும் இரண்டு. அந்த உள் இரண்டில் முன்பக்கம் உள்ளதைத்தான் ஏசிஎல் என்கிறார்கள். மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புக்கும் நடுவே பாரத்தைப் பரப்பிவிடும் பிறை வடிவத் தட்டு. ஒரு முழங்காலுக்கு இரண்டு உண்டு.

இவை தவிர, எலும்பு முனையைப் போர்த்திய வழவழப்பான கசியிழையம் இருக்கிறது. தேய்மானம் என்று சொல்வது இது தேய்வதைத்தான். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். நான்கையும் ஊரில் சவ்வு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆறும் காலமும் வைத்தியமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ரிப்போட்டில் எது எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. வரம்பில கால் பிரண்டு கணுக்கால் வீங்கிட்டு. முறிவா, சுளுக்கா எண்டு எப்பிடித் தெரியும்?

பெரும்பாலும் பாதம் உள்ளே மடிந்து, வெளிப்பக்க லிகமென்ட் இழுபட்ட சுளுக்காகத்தான் இருக்கும். வீக்கத்தின் அளவை வைத்து முடிவு செய்ய ஏலாது. சுளுக்கிலேயே கால் பலூனாக வீங்கலாம், மெல்லிய வெடிப்பில் வீக்கம் குறைவாகவும் இருக்கலாம்.

கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வெளியிட்ட ஒரு சோதனை முறையை இப்போது உலகெங்கும் பாவிக்கிறார்கள். வெளிக்கணு எலும்பின் நுனியில் விரலை வையுங்கள். அங்கிருந்து எலும்பின் பின் விளிம்பு வழியே மேலே 6 சென்ரிமீற்றர் வரை ஒவ்வொரு இடமாக அழுத்திப் பாருங்கள். உட்கணுவிலும் அப்படியே. அடுத்து, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே சற்றுத் துருத்தும் எலும்பையும், உட்பக்க வளைவின் மேலே உள்ள எலும்பையும் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே நொந்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்ட உடனேயும் பிறகும் நான்கு அடி வைக்க முடியாமல் இருந்தாலும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நொண்டி வைத்தாலும் அது அடிதான்.

நோவு எலும்பில் இல்லாமல், கணுவுக்கு முன்னாலும் கீழேயும் உள்ள சதையில் மட்டும் இருந்து, நடக்கவும் முடிந்தால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கும், குடிபோதையில் விழுந்தவருக்கும், சீனி வருத்தத்தால் பாதம் மரத்துப்போனவருக்கும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

4. ஐஸ் வெக்கிறதா, சுடுதண்ணி ஒத்தணமா? எண்ணெய் போட்டு உருவினா வீக்கம் வத்தும்தானே?

புதிதாக அடிபட்ட மூட்டை முதல் இரண்டு மூன்று நாளைக்கு உருவவே வேண்டாம். சூட்டு ஒத்தணமும் வேண்டாம். உள்ளே கிழிந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள் அப்போதுதான் அடைபட்டு வருகின்றன. உருவினால் திரும்பவும் கசியும், வீக்கம் கூடும். எண்ணெய் பூசுவதில் ஆபத்து இல்லை, அழுத்தி இழுப்பதுதான் ஆபத்து. சத்தம் வரும்வரை இழுத்து "சுளுக்கெடுப்பதை" நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். எக்ஸ்ரே எடுக்காத காலில் அது முறிவை விலக்கிவிடும்.

ஐஸ் நோவைக் குறைக்கும். துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 நிமிடம், இடைவெளி விட்டுத் திரும்ப வைக்கலாம். மீன் வாடியில் வாங்கிய ஐஸும் சரிதான், தோலில் நேரே படக் கூடாது. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மெர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ஆகவே நோவுக்காக முதல் நாள் இரண்டு நாள் ஐஸ் வையுங்கள், கிழமைக் கணக்கில் வேண்டாம்.

5. எத்தனை நாள் காலை ஊண்டாம இருக்கணும்?

சாதாரண சுளுக்குக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. முதல் ஒன்றிரண்டு நாள் உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள். அதற்குப் பிறகு படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது போல சுற்றுங்கள். தாங்கக்கூடிய அளவு ஊன்றி நடங்கள். இலேசான சுளுக்கு ஒன்றிரண்டு கிழமையில் சரிவரும், நடுத்தரமானதற்கு ஒன்றரை மாதம்கூட ஆகும். மூன்று கிழமை கட்டிலில் கிடந்தால் கெண்டைத் தசை மெலியும், மூட்டு இறுகும். பிறகு என்னிடம் வருகிறவர்களில் பலர் காயத்தால் நொண்டுவதில்லை, அந்த ஓய்வால் நொண்டுகிறார்கள்.

6. ஒருக்கா பிரண்ட அதே கால் திரும்பத் திரும்பப் பிரளுது. பட்டி போட்டா நிக்குமா?

பட்டி உதவும், ஆனால் காரணத்தைத் தீர்க்காது. லிகமென்டுக்குள் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. சுளுக்கில் அவையும் கெடுகின்றன. மேடு பள்ளத்தில் கால் சரியும்போது தசை இறுகிப் பிடிப்பதற்குள் கால் பிரண்டு விடுகிறது.

இதற்குச் சமநிலைப் பயிற்சிதான் மருந்து. பல் துலக்கும்போது அந்த ஒற்றைக் காலில் அரை நிமிடம் நில்லுங்கள். அது சுலபமானதும் கண்ணை மூடி நில்லுங்கள் (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்). அதுவும் சரிவந்தால் கடற்கரை மணலில் நில்லுங்கள். கல்லடியில் மணலுக்குக் குறைவில்லை. இரண்டு மாதம் விடாமல் செய்தும் பிரண்டால் எலும்பு கிளினிக்கில் காட்டி லிகமென்ட் முழுதாக அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

7. முறிவு நெரிவு வைத்தியரிட்ட கட்டலாமா? எங்கட ஆக்கள் காலங்காலமா அங்கதானே போறவங்க.

அவர்கள் மேல் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து எழும்பிப் போனவர்களையும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: முதலில் எக்ஸ்ரே எடுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. விலகாத சின்ன வெடிப்பு, சரியாக அசையாமல் வைத்தால் யார் கட்டினாலும் பொருந்தும். மூட்டுக்குள் ஓடும் முறிவு, தோல் கிழிந்த முறிவு, பிள்ளைகளின் வளரும் எலும்பு முனையில் ஏற்படும் முறிவு, இடுப்பு முறிவு ஆகிய நான்கையும் வெளியில் கட்ட வேண்டாம். மூட்டுப் பரப்பு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் படிவிட்டுப் பொருந்தினாலே சில வருடத்தில் தேயத் தொடங்கும்.

மூங்கில் சிம்போ, ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரோ, எந்தக் கட்டானாலும் இதைக் கவனியுங்கள். நோவு குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரலை மெதுவாக நீட்டினாலே உயிர் போவது, விரல்கள் மரப்பது, குளிர்வது, நீலம் அல்லது வெளுப்பு ஆவது. தசைக்கு இரத்தம் போகவில்லை என்பதன் அடையாளங்கள் இவை. விடியட்டும் என்று இருக்க வேண்டாம். இரத்தம் கிடைக்காத தசை சில மணித்தியாலத்தில் செத்துப்போகும். துணிக்கட்டு, சிம்பு என்றால் தளர்த்துங்கள். பிளாஸ்டர் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

8. உதைபந்து விளையாடேக்க ஆரும் இடிக்கல்ல. திரும்பேக்க முழங்காலுக்குள்ள "டக்" எண்டு கேட்டுது, அப்பிடியே விழுந்துட்டன்.

ஏசிஎல் கிழிவை நான் முதலில் சந்தேகிப்பேன். பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க உடம்பு திரும்புவது, கரப்பந்தில் துள்ளி ஒற்றைக் காலில் இறங்குவது, கபடியில் சட்டென்று நிற்பது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். யாரும் மோதியிருக்க வேண்டியதில்லை. வலைப்பந்து விளையாடும் பெண் பிள்ளைகளுக்கு இது ஆண்களைவிட அதிகம்.

வீக்கம் எப்போது வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் உருண்டு திரண்டால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. ஏசிஎல், சிரட்டை விலகல், மூட்டுக்குள் முறிவு ஆகியவை அப்படி வரும். அடுத்த நாள் காலையில் மெதுவாக வீங்கினால் மெனிஸ்கஸ் பக்கம் யோசிக்கலாம். வீக்கம் வற்றி, நடக்க முடிந்து, ஆனால் திரும்பும்போது முழங்கால் நழுவி ஏமாற்றுகிறது என்றால் ஏசிஎல் சந்தேகம் இன்னும் வலுக்கும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். "எக்ஸ்ரே நோமல்" என்றதும் அடுத்த மட்சுக்கு இறங்குவதுதான் மெனிஸ்கஸையும் சேர்த்துக் கிழிக்கிறது.

9. ஏசிஎல் கிழிஞ்சா ஒபரேசன் செய்யாம விடலாமா? செஞ்சா எப்ப திரும்ப விளையாடலாம்?

எல்லாருக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. கடை நடத்துகிறவர், நேர் பாதையில் நடக்கிறவர், கிரிக்கெட்டை டிவியில் பார்க்கிறவர் என்றால், தொடைத் தசைகளை நன்றாகப் பலப்படுத்திக்கொண்டு காலம் முழுக்கச் சமாளிக்கலாம். உதைபந்து, கபடி, கூடைப்பந்து மாதிரி திரும்பித் துள்ளும் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டியவருக்கும், அன்றாட நடையிலேயே முழங்கால் நழுவுகிறவருக்கும் சத்திரசிகிச்சை பொருத்தம். பெரும்பாலும் உங்கள் காலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்துப் புது லிகமென்டாக வைப்பார்கள்.

திரும்ப விளையாட குறைந்தது ஒன்பது மாதம். மூன்றாம் மாதமே நோவு போய்விடும். அப்போதுதான் தம்பிமார் "அண்ணன், ஓடிப் பார்த்தன், ஒண்டும் இல்ல" என்று வருகிறார்கள். வைத்த நாணுக்கு அப்போது இன்னும் வலு வந்திருக்காது. ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்துக்குப் போனவர்களுக்குத் திரும்பக் கிழியும் ஆபத்து பல மடங்கு. மாதக் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் துள்ளும் தூரமும் தொடை வலுவும் மற்றக் காலின் 90 சதவீதத்துக்காவது வர வேண்டும்.

10. எனக்கு 55 வயசு. எம்ஆர்ஐயில மெனிஸ்கஸ் கிழிவு எண்டு வந்திருக்கு. உடனே வெட்டணுமா?

அநேகமாக வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர்களில் நோவே இல்லாத பலருக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் மெனிஸ்கஸ் கிழிவு தெரியும். இந்த வயதில் அது தேய்வின் ஒரு பகுதி. இப்படியான கிழிவுக்கு உடற்பயிற்சியும் துளைவழிச் சத்திரசிகிச்சையும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்திருக்கின்றன. மூன்று மாதம் பயிற்சி செய்து பாருங்கள்.

விதிவிலக்கு: முழங்கால் நடுவழியில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் நிற்பது. கிழிந்த துண்டு இடையில் செருகியிருக்கலாம். அதைத் தாமதிக்காமல் காட்டுங்கள். இளம் வயதில் விளையாட்டில் கிழிந்த மெனிஸ்கஸும் வேறு கதை. அதன் வெளி ஓரத்துக்கு இரத்த ஓட்டம் உண்டு, தைத்தால் ஆறும். உள் ஓரத்துக்கு இரத்தம் இல்லாததால் ஆறுவது கடினம்.

11. குந்தி எழும்பேக்க முழங்கால் சடசட எண்டு சத்தம் போடுது. எலும்பு உரசுதா?

நோவும் வீக்கமும் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாவதாலும், தசைநாண் எலும்பின் மேல் வழுக்கிப் போவதாலும் சத்தம் வரும். இருபது வயதுப் பிள்ளைக்கும் வரும்.

12. மகனுக்கு 13 வயசு, முழங்காலுக்குக் கீழ எலும்பு புடைச்சு நோகுது. கென்சரா இருக்குமோ எண்டு பயமா இருக்கு.

ஓடி விளையாடும் பிள்ளைக்கு, சிரட்டைக்குச் சற்றுக் கீழே எலும்பில் புடைப்பு வந்து, ஓடும்போதும் முழங்காலில் நிற்கும்போதும் மட்டும் நொந்தால், பெரும்பாலும் வளர்ச்சிக் கால இழுபறிதான். தொடைத் தசையின் நாண் இன்னும் முற்றாத எலும்பைப் பிடித்து இழுக்கிறது. வளர்ச்சி நின்றதும் நோவு நின்றுவிடும், புடைப்பு மட்டும் இருக்கலாம். விளையாட்டை முழுதாக நிறுத்தத் தேவையில்லை, குறைத்தால் போதும். இரவில் தூக்கத்தை எழுப்பும் நோவு, மெலிவு, காய்ச்சல், நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம் இருந்தால் கட்டாயம் எக்ஸ்ரே எடுங்கள்.

13. பிள்ளை முழங்கால் நோகுது எண்டு நொண்டுறான். முழங்கால் எக்ஸ்ரே நல்லா இருக்கு. நடிக்கிறானா?

தயவுசெய்து அப்படி முடிவெடுக்க வேண்டாம். இடுப்பு மூட்டின் வருத்தம் முழங்காலில் நோவாகத் தெரியும், இரண்டுக்கும் போகும் நரம்புகள் ஒன்று. பிள்ளைகளில் இது மிகச் சாதாரணம். பத்து முதல் பதினாறு வயதில், குறிப்பாக உடம்பு வைத்த பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் தலை வளரும் இடத்தில் மெல்ல நழுவும். நடக்கும்போது அந்தப் பாதம் வெளியே திரும்பியிருக்கும். படுக்க வைத்து முழங்காலை நெஞ்சுக்கு மடக்கினால் கால் தானாக வெளிப்பக்கம் போகும். அப்படித் தெரிந்தால் நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நழுவல் கூடுவதற்குள் ஆணி வைத்து நிறுத்தலாம். நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளை நொண்டினாலும் இடுப்பைப் பார்க்க வேண்டும். அங்கே எலும்புத் தலைக்கு இரத்தம் குறையும் இன்னொரு வருத்தம் உண்டு.

14. முழங்கால் தேய்ஞ்சிட்டு எண்டு சொல்லிட்டாங்க. இனி நடந்தா இன்னும் தேயும்தானே? அதால நான் நடக்கிறதே இல்ல.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். எத்தனை அம்மாமார் இந்தப் பயத்தில் வீட்டுக் கதிரையிலேயே இருந்துவிட்டார்கள்! கசியிழையத்துக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்து, பாரம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. தொடைத் தசை மெலிந்தால் பாரம் முழுதும் மூட்டின் மேல் விழுகிறது. நடந்து முடித்து நோவு கொஞ்சம் கூடி, இரவுக்குள் பழையபடி ஆனால் அது சரியான அளவு. அடுத்த நாளும் வீங்கி நொந்தால் தூரத்தைக் குறையுங்கள்.

இரண்டு பயிற்சி மட்டும் சொல்கிறேன். ஒன்று: கட்டிலில் காலை நீட்டி இருந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வையுங்கள். சிரட்டை மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும்படி தொடையை இறுக்கி, துவாயைக் கீழே அமத்துங்கள். ஐந்து வரை எண்ணி விடுங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டு: உயரமான கதிரையில் இருந்து, கையை ஊன்றாமல் எழும்பி மெல்ல இருங்கள். பத்துத் தடவை. இருப்பதை எழும்புவதைவிட மெதுவாகச் செய்யுங்கள். ஆறு கிழமைக்கு முன் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

உடம்பு நிறையும் முக்கியம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. நோவுக்குப் பூசும் மருந்து நல்லது. டிக்லோபெனாக் குளிசையைப் பாமசியில் வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. பிரசர், சீனி வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

15. அப்ப நிலத்தில இருந்து தொழலாமா? கோயில்ல சப்பணம் கட்டி இருக்கலாமா?

முடிந்தால் செய்யலாம், அதனால் மூட்டு கெட்டுப்போகாது. ஆழமாக மடக்கும்போது சிரட்டைக்குப் பின்னால் அழுத்தம் கூடுவதால் நோகும். நோவு அதிகமான நாட்களில் கதிரையைப் பாவியுங்கள். குந்தும் கக்கூசுக்குப் பதில் கொமட் வைப்பது, எழும்பப் பிடிக்கக் கம்பி பூட்டுவது இரண்டும் நல்ல செலவு.

16. முழங்காலுக்குள்ள ஊசி போட்டா சரியாகிடுமா? தேய்ஞ்சு முடிஞ்சா மூட்டு மாத்தினா எத்தனை வருசம் நிக்கும்?

ஸ்டீரொயிட் ஊசி சில கிழமை, சிலருக்கு இரண்டு மூன்று மாதம் நோவைக் குறைக்கும். தேய்வை மாற்றாது. 14இல் சொன்ன பயிற்சியைத் தொடங்க முடியாத அளவு நோவு என்றால், அந்த இடைவெளியைப் பெற ஊசி பயன்படும். திரும்பத் திரும்பப் போட்டால் கசியிழையம் இன்னும் கெடும்.

மூட்டு மாற்றுவது நடை, தூக்கம் இரண்டும் கெட்ட பிறகு எடுக்கும் முடிவு. எக்ஸ்ரேயைப் பார்த்து மட்டும் எடுப்பதல்ல. மாற்றிய முழங்கால்களில் பத்தில் எட்டு 25 வருடம் நிற்பதாக மற்ற நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன.

17. கதிர்காமம் பாத யாத்திரை போகப் போறன். முழங்கால் நோ இருக்கு. போகலாமா?

போகலாம், ஆனால் ஆடியில் நினைத்து ஆடியில் கிளம்பக் கூடாது. இரண்டு மாதத்துக்கு முன்பே நடக்கத் தொடங்கி, கிழமைக்குக் கிழமை தூரத்தைக் கூட்டுங்கள். வெறுங்காலுடன் போவதாக நேர்த்தி இருந்தால் வெறுங்காலுடனேயே பழகுங்கள். பழகிய செருப்பைப் பையில் வைத்திருங்கள்.

திருக்கோவில், பொத்துவில் வரை பாதையோரம் ஊர்கள் இருக்கின்றன, ஆஸ்பத்திரியும் வாகனமும் கிடைக்கும். உகந்தைக்கு அப்பால் குமண, யால காடு. ஆகவே உகந்தையில் ஒரு நாள் இருந்து காலைப் பாருங்கள். முழங்கால் வீங்கியிருந்தாலோ, பாதத்திலோ கீழ்க்காலிலோ எலும்பில் ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்தால் துடித்தாலோ காட்டுக்குள் இறங்க வேண்டாம். ஒரு புள்ளி நோவு, ஓயாத நடையால் எலும்பு வெடிக்கத் தொடங்குவதன் அறிகுறி. அங்கே வைத்து முழுதாக முறிந்தால் உங்களைச் சுமந்து வருவது கூட வந்தவர்களின் பாடு.

18. வடமோடிக் கூத்துப் பழகுறம். இரவு முழுக்கத் துள்ளி ஆடினா அடுத்த நாள் சிரட்டைக்குக் கீழ நோகுது.

துள்ளி இறங்கும் பாரத்தைத் தாங்கும் தசைநாண் களைத்திருக்கிறது. பழக்கத்தைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் மண் களரியில் வையுங்கள். முழங்காலை விறைப்பாக வைத்து இறங்காமல் மடித்து இறங்குங்கள். அரங்கேற்றம் நெருங்கும்போது திடீரென்று நேரத்தைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். உடுப்பின் பாரத்தோடு ஆடுவதையும் கடைசிக் கிழமைக்கு வைக்காமல் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள்.

19. கரப்பந்து விளையாடேக்க குதிக்காலுக்கு மேல ஆரோ பின்னால உதைச்ச மாதிரி இருந்துது. திரும்பினா ஒருத்தரும் இல்ல. நடக்க ஏலும், விடலாமா?

விட வேண்டாம். முப்பது முதல் ஐம்பது வயதுக்காரர், இடைவெளி விட்டு மைதானத்துக்கு வந்தவர், இப்படிச் சொன்னால் குதிக்கால் தசைநாண் அறுந்திருக்கும் என்றே நினைப்பேன். மற்றத் தசைகள் உதவுவதால் தட்டையாக நடக்கலாம். அதனாலேயே பலர் சுளுக்கு என்று கிடந்துவிடுகிறார்கள். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, யாராவது கெண்டைச் சதையைப் பிசையட்டும். நல்ல காலில் பாதம் அசையும். அறுந்த காலில் அசையாது.

முதல் இரண்டு கிழமைக்குள் வந்தால் பிளாஸ்டரிலேயே ஆற வைக்கவும் வழி உண்டு, தைக்கவும் வழி உண்டு. சிப்ரோபுளொக்சசின் வகைக் குளிசை எடுத்துக்கொண்டிருக்கும்போது குதிக்காலுக்கு மேலே நோவு வந்தால் விளையாட்டை நிறுத்தி டொக்டரிடம் சொல்லுங்கள், அந்த மருந்து நாணைப் பலவீனப்படுத்தக் கூடியது.

20. அம்மம்மா கிணத்தடியில வழுக்கி விழுந்தா. 82 வயசு. எழும்ப ஏலாது. இந்த வயசில ஒபரேசன் தாங்குமா? எண்ணெய் கட்டி வீட்டில வெச்சுப் பாக்கலாம் எண்டு மாமா சொல்றார்.

மாமாவை இதை வாசிக்கச் சொல்லுங்கள். விழுந்தவரின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் சரிந்து கிடந்தால் அது பெரும்பாலும் இடுப்பு முறிவு, அதாவது தொடை எலும்பின் மேல் முனையில் முறிவு. கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள், ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதுவரை இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து அசையாமல் படுக்க விடுங்கள். சாப்பாடு கொடுக்க வேண்டாம்.

வயது தாங்காது என்று வீட்டில் வைத்திருப்பதைத்தான் அந்த வயது தாங்காது. அசையாமல் படுத்த முதியவருக்கு நாட்களுக்குள் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் படுக்கைப் புண் வரும், காலில் இரத்தம் உறையும். முறிவைவிட இவைதான் உயிரை எடுக்கின்றன. ஆணி வைத்தோ எலும்புத் தலையை மாற்றியோ இரண்டு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்து, அடுத்த நாளே எழுப்பி இருத்துவதுதான் இப்போதைய முறை. எண்பதும் தொண்ணூறும் ஆனவர்களுக்கும் செய்கிறார்கள். ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். செய்யாமல் விடுவதன் ஆபத்து அதைவிடப் பெரியது.

ஒரு விசயம்: சிலருக்கு முறிந்த எலும்பு ஒன்றில் ஒன்று செருகி நிற்பதால் நொண்டி நடக்கவும் முடியும். விழுந்த முதியவருக்குத் தொடைச்சந்தில் நோவு இருந்தால், நடந்தாலும் எக்ஸ்ரே எடுங்கள். மற்ற அம்மம்மாமார் விழாமலிருக்க கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள், கக்கூசுக்குப் போகும் வழியில் இரவு லைட் போடுங்கள், கண்ணைப் பரிசோதியுங்கள்.

21. அடிபடவே இல்ல. ஒரே இரவில மூட்டு வீங்கிச் சிவந்து தொட ஏலாம இருக்கு. சுளுக்கா?

சுளுக்கில்லை. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அது சில நாட்களில் கசியிழையத்தைத் தின்றுவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மூட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் கால் பெருவிரல் மூட்டில் நடு இரவில் வந்தால் யூரிக் அமிலத்தால் வருவதாக இருக்கலாம்.

பல மூட்டுகள் ஒன்றாக நொந்து காய்ச்சல் அடித்தால் சிக்குன்குனியாவையும் நினைக்க வேண்டும். 2006இல் அது மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பரவியபோது வந்த கணுக்கால் நோவு சிலருக்கு மாதக் கணக்கில் போகவில்லை. டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். டிக்லோபெனாக், ஐபுபுரொபன் வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும்.

22. சீனி வருத்தம் பத்து வருசமா இருக்கு. ஒரு பாதம் வீங்கிச் சூடா இருக்கு, ஆனா நோகல்ல. நோகாட்டி பரவாயில்லத்தானே?

நோகாததுதான் பயப்பட வேண்டிய விசயம். நரம்பு மரத்த பாதத்தில், தெரியாமலே சின்னச் சின்ன முறிவுகள் வந்து, அதன் மேலேயே நடந்து நடந்து மூட்டுகள் நொறுங்கும் வருத்தம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரே நன்றாகவே இருக்கும். கிருமி என்று எண்ணி மருந்து மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து திரிந்தால், சில மாதங்களில் பாதத்தின் வளைவு இடிந்து அடிப்பாதம் வெளியே தள்ளும். பிறகு அங்கே புண், அதன் பிறகு காலை எடுக்கும் நிலை.

இரண்டு பாதத்திலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தெளிவாகச் சூடாக இருந்தால் அதை அன்றிலிருந்தே ஊன்ற வேண்டாம். ஊன்றுகோலோடு கிளினிக்குக்குப் போய், சீனி வருத்தம் எத்தனை வருடம் என்பதை முதலில் சொல்லுங்கள். காயம் இல்லாவிட்டாலும் காட்டுங்கள். பிளாஸ்டரில் வைத்துச் சூடு தணியும்வரை சில மாதம் காத்திருந்தால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றலாம். 4இல் சொன்ன ஐஸையும் சூட்டு ஒத்தணத்தையும் இந்தப் பாதத்துக்கு வைக்கவே வேண்டாம். சுட்டாலும் தெரியாது, விறைத்தாலும் தெரியாது.